32 மில்லிமீட்டர் வாசலும் 200 ரூபாய்த் தகரமும்

சிட்டுக்குருவிக்கு வைக்கும் பெட்டியின் வாசல் 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம். பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை ஒவ்வொரு பறவைக்கும் ஓர் அளவு சொல்கிறது: நீலச் சிட்டுக்கு 25, பெரிய சிட்டுக்கு 28, வீட்டுக் குருவிக்கு 32, ஸ்டார்லிங்குக்கு 45. நம் ஊரில் பெட்டி செய்கிறவர்களும் இந்த 32ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குருவியைப் பொறுத்தவரை அளவு சரி. ஆனால் அந்த ஊர் அணில் வேறு, இந்த ஊர் அணில் வேறு.

பிரிட்டனில் தோட்டங்களைத் துவம்சம் செய்வது வட அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் அணில். 1876இல் செஷயரில் ஒரு பண்ணையில் விடப்பட்டது. இன்று அந்நாட்டில் 27 லட்சம் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். (ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் சரணாலயம் அமைத்துக் காப்பாற்றப்படும் சாம்பல் நிற அணிலோடு இதைக் குழப்ப வேண்டாம். அது நம்முடையது, அரியது, வேறு இனம்.) செஷயர்க்காரரின் எடை 400 முதல் 600 கிராம். 32 மி.மீ. துளையில் அதன் தலை நுழையாது. நுழைய வேண்டுமானால் துளையைக் கொறித்துப் பெரிதாக்க வேண்டும். அதனால்தான் அங்கே துளையைச் சுற்றி ஒரு தகடு அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

நம் வீட்டுக் கொல்லையில் ஓடும் முதுகில் மூன்று கோடு போட்ட அணிலின் எடை ஏறக்குறைய 100 கிராம். வெள்ளைக்காரர் தோட்டத்து அணிலில் ஐந்தில் ஒரு பங்கு. கொறிக்கும் பிராணிகளில் தலை நுழைந்துவிட்டால் உடம்பு பின்னாலேயே வந்துவிடும். அமெரிக்காவில் நீலப் பறவைக்கு வைக்கும் பெட்டியின் வாசல் 38 மி.மீ. அங்கே நம் அணில் பருமனே உள்ள சிப்மங்கும், அதைவிடச் சிறிய பறக்கும் அணிலும் அந்த வாசலில் தாராளமாகப் போய்வருகின்றன. 32க்கும் 38க்கும் வித்தியாசம் 6 மி.மீ.தான். துளையைச் சுற்றி 3 மி.மீ. கொறித்தால் 32, 38 ஆகிவிடும். பலகை 12 மி.மீ. தடிமன் என்றால் கொறித்தெடுக்க வேண்டிய மரம் 4 கன சென்டிமீட்டர். ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாது. கொறிக்கும் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணிக்கு இது வேலையே இல்லை.

இன்னும் சிறிய துளை வைத்தால் என்ன என்று கேட்கலாம். 28 மி.மீ. வைத்தால் நம் குருவிக்கு நெருக்கும். குருவியை உள்ளே விட்டு அணிலை வெளியே நிறுத்தும் என்று நம்பி வைக்கக்கூடிய துளை அளவு எதுவும் கிடையாது. குண்டுகரிச்சானுக்குப் பெட்டி வைப்பவர்கள் இன்னும் பெரிய வாசல் வைக்க வேண்டியிருப்பதால், அவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. ஆகவே என் கணக்கின் முதல் முடிவு இது: காசை வாசலில் கொட்டாதீர்கள், வழியில் போடுங்கள். கீழே வரும் எல்லாத் தொகைகளும் இந்த ஒரு வரியைத்தான் சோதிக்கின்றன.

முதலில் இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குருவி முட்டை 2 முதல் 3 கிராம். நான்கு முட்டை உள்ள ஒரு கூடு அணிலுக்கு 10 கிராம் தீனி. அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு. அணிலின் முக்கிய உணவு பழமும் கொட்டையும் தளிரும்தான், முட்டை எப்போதாவது கிடைக்கும் பலகாரம். குருவியின் பக்கம் கணக்கு பெரிது. அடைகாக்க 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் 15 நாள், ஆக ஓர் ஈட்டுக்கு ஏறக்குறைய 27 நாள். 25ஆம் நாளில் அணில் புகுந்தால் அத்தனை நாள் உழைப்பும் போயிற்று.

இதைவிடப் பெரிய நஷ்டம் அணில் குடியேறிவிடுவது. தென்னை நார், பஞ்சு, கிழிந்த துணி, சாக்கு நூல் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுபோய்ப் பெட்டியை அடைத்துக் குட்டி போடும். கர்ப்பம் 34 நாள், ஈற்றுக்கு இரண்டு அல்லது மூன்று குட்டி, பால்குடி மறக்க 10 வாரம். குட்டிகள் வளரும் அந்த 70 நாளில் குருவி இரண்டு ஈடு முடித்து மூன்றாவதில் பாதி தாண்டியிருக்கும். கொள்ளையடித்த அணில் ஓர் ஈட்டைத்தான் கெடுக்கும். குடியிருக்கும் அணில் இரண்டரை ஈட்டைக் கெடுக்கும். பெட்டி வைத்தவர்கள் முட்டை போனதைப் பார்த்துப் பதறுகிறார்கள், குடியேறியதைப் பார்த்து ‘பாவம், அதுவும் ஜீவன்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். ஜீவன்தான், மறுக்கவில்லை. அதற்கும் ஒரு கணக்கு கீழே வைத்திருக்கிறேன்.

இனி பெட்டியின் செலவு. விலைகள் கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் மாறும். நான் போட்டிருப்பவை கணக்குக்காக வைத்துக்கொண்ட விலைகள். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அளவுகள் மாறாது.

தண்ணீர் தாங்கும் 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு பெட்டி: அடிப்பலகை 5க்கு 5 அங்குலம், பக்கப் பலகை இரண்டும் 5 அங்குல அகலம், பின்னால் 10, முன்னால் 8 என்று சரிவாக வெட்டினால் சராசரி 9 அங்குல உயரம், முன்பலகை 6க்கு 8, சுவரில் ஸ்க்ரூ அடிக்க மேலும் கீழும் நீட்டிய பின்பலகை 6க்கு 14, கூரை 8க்கு 9. கூட்டினால் 319 சதுர அங்குலம், 2.2 சதுர அடி. வெட்டுச் சேதம் 15 சதவீதம் சேர்த்தால் 2.55. எட்டுக்கு நான்கு ஷீட் 32 சதுர அடி; அதில் 12 பெட்டி வரும். வாசலின் நடுப்புள்ளி அடிப்பலகையிலிருந்து 6 அங்குல உயரத்தில் இருக்கட்டும்.

12 பெட்டிக்கான செலவு இப்படி வருகிறது:

பிளைவுட் 32 சதுர அடி, ரூ. 80 வீதம்: ரூ. 2,560
ஸ்க்ரூ 240, ரூ. 1.50 வீதம்: ரூ. 360
கூரைக்குக் கீல் 12 ஜோடி, ரூ. 30 வீதம்: ரூ. 360
கொக்கி 12, ரூ. 10 வீதம்: ரூ. 120
வெளிப்புறம் மட்டும் பூச ஆளி விதை எண்ணெய்: ரூ. 200
தச்சர் கூலி ஒன்றரை நாள், ரூ. 1,000 வீதம்: ரூ. 1,500
மொத்தம்: ரூ. 5,100

ஒரு பெட்டி 425 ரூபாய். இதில் யாரும் மதிக்காத உருப்படி அந்தப் பத்து ரூபாய்க் கொக்கி. கீல் வைத்த கூரையைக் கொக்கி போடாமல் விட்டால், வாசலைப் பற்றி நாம் இதுவரை பேசியதெல்லாம் வீண். அணில் மூடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். ஒரு உருப்படியைக் கணக்கில் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்: வாசலுக்குக் கீழே நீட்டும் குச்சி. கடைப் பெட்டிகளில் அழகுக்காக அதை வைத்து விற்கிறார்கள். குருவிக்கு அது தேவையே இல்லை, சொரசொரப்பான பலகையைப் பற்றிக்கொண்டே உள்ளே போய்விடும். குச்சி வசதி செய்து கொடுப்பது அணிலுக்கும் காக்கைக்கும்தான்.

பெட்டிக்குப் பதில் சுட்ட மண்பானை மாட்டுகிறவர்களும் உண்டு. கொறிக்க முடியாது என்பது அதன் பலம். ஜெர்மனியில் மரத்தூளையும் சிமென்டையும் கலந்து கூடு வார்க்கிறார்களே, அதே தத்துவம். ஆனால் திறந்து சுத்தம் செய்ய வழியில்லாத பானையில் ஒருமுறை அணில் நார் அடைத்துவிட்டால் அத்தோடு சரி.

அடுத்தது தகடு. 24 கேஜ் ஜி.ஐ. தகடு, 0.6 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், சதுர அடிக்கு ஏறக்குறைய 440 கிராம் எடை. கிலோ 100 ரூபாய் என்றால் சதுர அடி 44 ரூபாய். வாசலைச் சுற்றி 4க்கு 4 அங்குலத் தகடு 49 கிராம். பொருளுக்கு 5 ரூபாய்தான். அதில் 32 மி.மீ. துளை போட்டு விளிம்பை ராவிக் கொடுக்கப் பட்டறையில் 30 ரூபாய், நான்கு ஸ்க்ரூ 6 ரூபாய். ஆக ஒரு பெட்டிக்கு 41 ரூபாய், பெட்டி விலையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. விளிம்பை ராவாமல் விட்டால் குருவியின் இறகும் காலும் கிழியும். அந்தக் கூலியில் கஞ்சத்தனம் கூடாது. தகடு செய்யும் வேலை ஒன்றே ஒன்று: 32ஐ 38 ஆகவிடாமல் நிறுத்துவது. 32இலேயே தலையை நுழைக்கக்கூடிய ஒல்லி அணிலை அது நிறுத்தாது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் 41 ரூபாய் நல்ல செலவு, முழுப் பாதுகாப்பு என்று நம்பி வாங்கினால் வீண் செலவு. மேற்கு வெயில் படும் சுவரில் தகடு கொதிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்; பெட்டியின் முகம் கிழக்கோ வடக்கோ பார்க்கட்டும்.

இப்போது வழி. அமெரிக்காவில் பறவைத் தீனித்தட்டு வைப்பவர்கள் ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து அணில் 5 அடி மேலே தாவும், பக்கவாட்டில் 7 அடி தாவும், மேலிருந்து 9 அடி கீழே குதிக்கும். இது அரைக் கிலோ எடையுள்ள சாம்பல் அணிலுக்குச் சொன்னது. நம் அணிலுக்கு இதையே உச்ச வரம்பாக வைத்துக்கொண்டால் பிழை வராது. கிளை வளர இடம் விட்டு நான் 7ஐ 8 ஆக்கிக்கொள்கிறேன். பெட்டிக்கு 8 அடி பக்கத்தில் கிளையோ, கேபிள் வயரோ, கொடிக்கம்பியோ, காகிதப்பூக் கொடியோ, மழைநீர்க் குழாயோ இருக்கக்கூடாது.

சிட்டுக்குருவி விரும்புவது மரத்தையல்ல, வீட்டுச் சுவரைத்தான். எனவே பெரும்பாலான பெட்டிகள் சன்ஷேடுக்குக் கீழே, 8 முதல் 10 அடி உயரத்தில் மாட்டப்படும். பூசாத செங்கல் சுவரிலும் சொரசொரப்பான பூச்சிலும் அணில் ஓடியே ஏறிவிடும். பெட்டியைச் சுற்றி இரண்டடிக்குத் தகடு பதித்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன்: 54க்கு 62 அங்குலம், 23 சதுர அடி, 10 கிலோ, 1,020 ரூபாய். பெட்டி விலையைப் போல இரண்டரை மடங்கு செலவு, பார்க்கவும் சகிக்காது, வெயிலில் அடுப்பாகிவிடும். கைவிட்டுவிடலாம். சுவருக்குச் சரியான வைத்தியம் இடத்தேர்வு. பட்டி போட்டு வழவழப்பாகப் பெயின்ட் அடித்த பகுதியாகப் பார்த்து, குழாயும் வயரும் இல்லாத பக்கமாக மாட்டுவதற்குச் செலவு பூஜ்யம். மரக்கிளை உரசினால் கவாத்து செய்ய ஓர் ஆளுக்கு அரை நாள், 500 ரூபாய். அதுவும் தெருவில் ஐந்தாறு பெட்டிக்குச் சேர்த்து ஒரே செலவு.

சுவர் வசதி இல்லாவிட்டால் கம்பம். 1 அங்குல ஜி.ஐ. பைப்பு 10 அடி, மீட்டருக்கு 2.4 கிலோ, மொத்தம் 7.3 கிலோ, 730 ரூபாய். இரண்டடியைப் புதைத்துக் கான்கிரீட் போட 150. அதில் ஒரு தகர உருளை மாட்ட வேண்டும்: விட்டம் 8 அங்குலம், நீளம் 24. சுற்றளவு 25, ஒட்டுக்கு ஒன்று சேர்த்து 26. 26க்கு 24 என்றால் 1.9 கிலோ. மேல் மூடி கால் கிலோ. இரண்டுமாக 215 ரூபாய், ரிவெட் அடித்து வாங்கப் பட்டறைக் கூலி 200. ஆகக் கம்பம் முழுவதும் 1,295 ரூபாய். ஒரு பெட்டியைக் காக்க மூன்று பெட்டி விலை.

உருளையின் அடி தரையிலிருந்து 4 அடி, தலை 6 அடி, பெட்டியின் அடி 7 அடி. தரையிலிருந்து தாவினாலும் 6 அடி எட்டாது. கம்பத்தைப் பற்றி ஏறினால் உருளைக்குள்ளே போய் மூடியில் முட்டித் திரும்பும். மேல் பக்கம் மூடியும் கீழ்ப் பக்கம் திறந்தும் இருக்க வேண்டும், தலைகீழாக மாட்டிவிட்டால் மழைத்தண்ணீர் பிடிக்கத்தான் உதவும். பாம்பையும் நிறுத்த வேண்டும் என்றால் நீளத்தை 36 அங்குலமாக்குங்கள், கூடுதல் செலவு 95 ரூபாய். சுவரே கிடைக்காத பண்ணை வீட்டுக்கு இது தகும். நகரத்து வீட்டுக்கு இந்தச் செலவை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மரத்துக்கு வைத்தியம் நம் தென்னந்தோப்பிலேயே இருக்கிறது. எலி ஏறாமலிருக்கத் தென்னந்தண்டைச் சுற்றித் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகரப் பட்டை கட்டுவார்களே, அதுவேதான். 30 செ.மீ. விட்டமுள்ள தண்டுக்குச் சுற்றளவு 94, மடிப்புக்கு 6, ஆக 100 செ.மீ. நீளம். பரப்பு 0.4 சதுர மீட்டர், எடை 1.88 கிலோ, விலை 188. ஆணி சேர்த்து 200 ரூபாய். கம்பத்தில் ஆறில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. இது குண்டுகரிச்சான் பெட்டிக்கும், பெட்டி உள்ள சுவரை உரசி நிற்கும் மரத்துக்கும் பொருந்தும். பெட்டியைக் கட்டாத மரமானாலும், அணில் அதில் ஏறித்தான் மாடிக்கு வருகிறது என்றால் பட்டை அங்கேதான் போக வேண்டும்.

தென்னையில் ஒரு சௌகரியம். அதன் தண்டு ஆண்டுக்காண்டு பருக்காது. ஒருமுறை அடித்த பட்டை அப்படியே நிற்கும். வேம்பும் மாவும் பருத்துக்கொண்டே போகும் மரங்கள். அவற்றுக்கு ஆணியடிக்காமல் மடிப்பில் கம்பி கட்டி, வருடம் ஒருமுறை தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் தகரம் பட்டைக்குள் இறங்கி மரத்தை நெரிக்கும். பக்கத்து மரத்து மட்டை இந்த மரத்து மட்டையோடு உரசினால் பட்டை கட்டியும் பயனில்லை, அணில் மேல்வழியாக வந்துவிடும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஜி.ஐ. சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே அலுமினியம் போடலாம். அதே அளவுப் பட்டை 650 கிராம்தான். கிலோ 300 ரூபாய் என்றாலும் 195 ரூபாய். எடை மூன்றில் ஒரு பங்கு, கிலோ விலை மும்மடங்கு, கடைசியில் பில் தொகை கிட்டத்தட்ட ஒன்றே.

மிளகாய்த்தூள் தடவுவது, கிரீஸ் பூசுவது என்றும் யோசனைகள் உலவுகின்றன. பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும் என்பது உண்மை. ஆனால் அணில் பெட்டியைத் தின்ன வரவில்லை, உள்ளே போக வருகிறது. ஒரு மழையில் தூளும் கரைந்துவிடும். கிரீஸ் குருவியின் இறகில் ஒட்டினால் குருவிக்குத்தான் ஆபத்து. இரண்டுக்கும் கணக்கில் இடமில்லை. பொறி வைத்துப் பிடிப்பதற்கும் இல்லை. தாயைப் பிடித்துக்கொண்டுபோய் விட்டால் குட்டிகள் எங்கோ பட்டினி கிடந்து சாகும். ராமர் தடவிய முதுகு என்று நம் ஊரில் அணிலை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள்; அந்த வழக்கம் தொடரட்டும்.

செலவில்லாத உருப்படி இன்னொன்று இருக்கிறது. குருவிக்கென்று போடும் கம்பு, அரிசி நொய் எல்லாம் பெட்டிக்குக் கீழேயே போடப்படுகிறது. அது அணிலுக்கு வைக்கும் விருந்தழைப்பு. தீனியைத் தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றிவிடுங்கள்.

அணிலுக்கென்றே ஒரு பெட்டி என்பதையும் செலவாகவே எழுதியிருக்கிறேன். தகடு வேண்டாம், வாசல் இரண்டரை அங்குலம், மற்றபடி அதே 425 ரூபாய். அதைக் குருவிப் பெட்டியிலிருந்து தூரமாக, மரத்தின் மேல் வைக்க வேண்டும். இடம் இல்லாமல் குருவிப் பெட்டிக்குள் வருகிற அணிலுக்கு இது மாற்று வீடு. முட்டைக்காக வருகிற அணிலை இது தடுக்காது. மரமும் இடமும் இருப்பவர்கள் செய்யலாம். ஒற்றைப் பெட்டி மாட்டியிருக்கும் அடுக்குமாடிக்காரர் செய்யத் தேவையில்லை. ஒருவேளை குருவிப் பெட்டியிலேயே அணில் குட்டி போட்டிருந்தால் அந்த 10 வாரத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவை போன பிறகு நாரை முழுக்க எடுத்து, பெட்டியை வெயிலில் காயவைத்து, இடத்தை மாற்றி மாட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தொகைக்குள் வைத்துப் பார்க்கலாம். கையில் 5,100 ரூபாய் இருக்கிறது. 12 பெட்டியைக் காவலில்லாமல் மாட்டலாம். அல்லது 9 பெட்டி, 3,825 ரூபாய். 9 தகடு, 369. கவாத்துக்கு அரை நாள் கூலி, 500. இரண்டு மரத்துக்குத் தகரப் பட்டை, 400. மொத்தம் 5,094. ஆறு ரூபாய் மிச்சம். பெட்டி மூன்று குறைகிறது, ஆனால் இந்த ஒன்பதும் அணிலின் போக்குவரத்திலிருந்து விலகி நிற்கும்.

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள். அன்று பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் இலவசமாகப் பெட்டி கொடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை பெட்டி கொடுத்தோம் என்ற எண்ணிக்கைக்காக முழுப் பணத்தையும் பலகையில் போட்டுவிடாதீர்கள். நான்கில் ஒரு பங்கைத் தகட்டுக்கும் கவாத்துக்கும் ஒதுக்குங்கள். பெட்டியோடு கூடவே ‘8 அடிக்குள் கிளையோ வயரோ வேண்டாம்’ என்று ஒரு துண்டுச் சீட்டும் ஒட்டிக் கொடுங்கள்.